சிகிச்சை கொடுத்த டாக்டரே எல்லை தாண்டினால்? யார் இந்த சபீனா ஸ்பீல்ரைன்?

மனசு சரியில்லைன்னு ஒரு மனநல நிபுணர்கிட்ட போறோம். வீட்டில்கூட சொல்லாத விஷயங்களை அவரிடம் சொல்கிறோம். அந்த நம்பிக்கையை அவரே தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்வியை எழுப்பியது ஒரு இளம்பெண்ணின் வாழ்க்கை. அவர்தான் சபீனா ஸ்பீல்ரைன்.

யார் இவர்?

1885-ல் ரஷ்யாவின் ரஸ்தோவ் நகரில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர் சபீனா. படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் வீட்டில் அப்பாவின் அடி. 1901-ல் செல்லத் தங்கை டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனாள். அதன்பிறகு சபீனாவின் மனநிலை மோசமானது. காரணமே இல்லாமல் சிரிப்பார், அழுவார்.

1904 ஆகஸ்ட்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் உள்ள புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 18. சிகிச்சை கொடுத்தவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கார்ல் யுங். அவருக்கு வயது 29, திருமணம் ஆனவர். சிக்மண்ட் ஃப்ராய்டு அறிமுகப்படுத்திய பேச்சு வழி சிகிச்சையை யுங் ஆரம்பத்திலேயே முயன்று பார்த்த நோயாளி சபீனாதான்.

சிகிச்சை பலன் தந்தது. பத்தே மாதத்தில், 1905 ஜூனில் டிஸ்சார்ஜ் ஆனார். அதே ஊரிலேயே மருத்துவப் படிப்பிலும் சேர்ந்தார்.

பிரச்சினை எங்கே தொடங்கியது?

டிஸ்சார்ஜ் ஆன பிறகும் இருவரின் சந்திப்பு தொடர்ந்தது. டாக்டர் - நோயாளி என்ற உறவு காதலாக மாறியது. அது எந்த அளவுக்குப் போனது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் எல்லை மீறப்பட்டது என்பதில் சந்தேகம் இல்லை.

விஷயம் சபீனாவின் அம்மாவுக்குத் தெரிந்தது. அவர் யுங்குக்குக் கடிதம் எழுதினார். யுங் சொன்ன பதில்தான் அதிர்ச்சி. தான் ஃபீஸ் எதுவும் வாங்கவில்லை, அதனால் டாக்டருக்கான கட்டுப்பாடு தனக்கு இல்லை என்கிற அர்த்தத்தில் எழுதினார். டாக்டராக மட்டும் நடந்துகொள்ள வேண்டுமென்றால் ஒரு அமர்வுக்கு 10 ஃப்ராங்க் கட்டணமும் கேட்டார்!

ஃப்ராய்டு என்ன செய்தார்?

1909-ல் சபீனா நேரடியாக ஃப்ராய்டுக்கே கடிதம் எழுதினார். ஃப்ராய்டு முதலில் நின்றது யுங் பக்கம்தான். ஆனால் சபீனா விடவில்லை. யுங் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். கடைசியில் யுங் ஃப்ராய்டிடம் ஒப்புக்கொண்டார். ஃப்ராய்டும் சபீனாவிடம் வருத்தம் தெரிவித்தார்.

இந்த விவகாரம் பற்றி யுங்குக்கு எழுதிய கடிதத்தில்தான் ஃப்ராய்டு 'கவுன்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். நோயாளி மீது சிகிச்சையாளருக்கு ஏற்படும் உணர்வுகளைக் குறிக்கும் சொல் இது. அப்படி உணர்வு வருவது இயல்பு, அதைக் கட்டுப்படுத்துவது சிகிச்சையாளரின் கடமை என்ற பாடம் இங்கிருந்துதான் வளர்ந்தது.

நோயாளி டூ டாக்டர்

சபீனாவை வெறும் 'பாதிக்கப்பட்டவர்' என்று சொல்லிவிட முடியாது. 1911-ல் மருத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஃப்ராய்டின் வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். அழிவும் ஆக்கமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று 1912-ல் அவர் எழுதிய கட்டுரையை, 1920-ல் ஃப்ராய்டே தன் நூலில் குறிப்பிட்டார். ஜெனீவாவில் இருந்தபோது சபீனாவிடம் உளப்பகுப்பாய்வுக்கு வந்தவர்களில் ஒருவர், குழந்தை உளவியல் மேதை ஜான் பியாஜே!

1923-ல் ரஷ்யா திரும்பினார். அங்கே காத்திருந்தது சோகம். உளப்பகுப்பாய்வுக்குத் தடை வந்தது. அவருடைய மூன்று சகோதரர்களும் ஸ்டாலின் ஆட்சியில் கொல்லப்பட்டனர். 1942-ல் ரஸ்தோவைப் பிடித்த நாஜிப் படை, சபீனாவையும் இரண்டு மகள்களையும் மற்ற யூதர்களோடு சேர்த்துக் கொன்றது.

அதோடு அவர் பெயரும் மறந்துபோனது. 1977-ல் ஜெனீவாவில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் அவருடைய டைரியும் கடிதங்களும் கிடைத்த பிறகுதான் உலகத்துக்கு உண்மை தெரிந்தது.

இன்று விதி என்ன சொல்கிறது?

சிகிச்சையில் இருப்பவரோடு பாலியல் உறவு கூடவே கூடாது என்கிறது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை. சிகிச்சை முடிந்தாலும் குறைந்தது 2 ஆண்டுகளுக்குத் தடை. அதன்பிறகும் மிக மிக அரிதான சூழலில் மட்டுமே விதிவிலக்கு. அப்போதும் அவரால் பாதிப்பில்லை என்று நிரூபிக்க வேண்டியது சிகிச்சையாளர்தான்.

ஏன் இவ்வளவு கறார்? நோயாளி தன் பலவீனம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்; டாக்டரோ எதையும் சொல்லவில்லை. இருவரும் சமமே இல்லாத இடத்தில், நோயாளி சம்மதித்தார் என்பது சாக்கு ஆகாது. ஃபீஸ் வாங்கவில்லை என்பதும்தான்.

கவுன்சிலிங் போகும் யாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். எல்லையைக் காப்பது உங்கள் பொறுப்பு இல்லை, அவருடைய பொறுப்பு. அது மீறப்பட்டால் தப்பு உங்கள் மேல் இல்லை. 23 வயதில் ஃப்ராய்டுக்குக் கடிதம் எழுதிய சபீனா செய்ததைப்போல, வெளியே சொல்லலாம்.