நாடிழந்தும் நூல்கள் தந்த அறிஞர் டாக்டர் ஹமீதுல்லாஹ் (ரஹ்)

நம் ஜமாஅத்தார் அவசியம் அறிந்திருக்க வேண்டிய பேரறிஞர்களுள் ஒருவர் டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் அவர்கள். சென்னையில் மார்க்கக் கல்வியால் சிறப்புற்றிருந்த நவாயத் குடும்பத்தின் வழித்தோன்றலான அன்னார், 1908ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்தார்கள். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, ஜெர்மனியின் பான் நகரில் 1933இலும் பாரிஸில் 1935இலும் டாக்டர் பட்டங்கள் பெற்றார்கள். பின்னர் தாம் பயின்ற பல்கலைக்கழகத்திலேயே சர்வதேசச் சட்டம் கற்பித்தார்கள்.

1948இல் ஹைதராபாத் சமஸ்தானத்தின் வழக்கை ஐ.நா. பாதுகாப்புச் சபையில் எடுத்துரைக்க நிஜாம் அரசு அனுப்பிய தூதுக்குழுவில் அன்னாரும் இடம்பெற்றார்கள். செப்டம்பர் 16ஆம் நாள் பாரிஸில் சபை அவ்வழக்கைக் கேட்டது. மறுநாளே நிஜாம் போர்நிறுத்தம் அறிவித்தார். சமஸ்தானம் இந்தியாவின் ஆளுகைக்குள் வந்தது. எந்த அரசுக்காக வாதாடச் சென்றார்களோ அந்த அரசே இல்லாமற் போயிற்று. நாற்பது வயதில் அகதியாகப் பாரிஸில் தங்கிய அன்னார், ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கேயே வாழ்ந்தார்கள்.

தூதுப்பணி முடிந்த இடத்தில் ஆய்வே அன்னாரின் முழுநேரப் பணியாயிற்று. 1954 முதல் 1978 வரை பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தில் பணியாற்றினார்கள். சர்வதேசச் சட்டம் 1625இல் நூல் வெளியிட்ட டச்சு அறிஞர் குரோஷியஸிடமிருந்து தொடங்கியது என்பதே ஐரோப்பாவில் பெரிதும் நிலவிய கருத்து. ஹிஜ்ரி 189இல் மறைந்த இமாம் முஹம்மது ஷைபானீ (ரஹ்) அவர்கள், அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே உடன்படிக்கை, தூதர் பாதுகாப்பு, போர்க்கைதிகள் ஆகியவை பற்றிய விதிகளைத் தனிக்கலையாக வகுத்திருந்ததை அன்னார் எடுத்துக்காட்டினார்கள். ஷைபானீ அவர்களின் நூலுக்கு இமாம் ஸரக்ஸீ (ரஹ்) எழுதிய விரிவுரையைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார்கள். 1959இல் அன்னாரின் பிரெஞ்சுத் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

மணமுடிக்காமல் எளிமையாக வாழ்ந்த அன்னார், 1985இல் பாகிஸ்தான் அரசு விருதுடன் வழங்கிய தொகையை இஸ்லாமாபாத் ஆய்வு நிறுவனத்திற்கே அளித்துவிட்டார்கள். 2002 டிசம்பர் 17இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வஃபாத்தானார்கள்.

பதவியும் தாயகமும் கைவிட்டுப் போனாலும் கற்ற கல்வி போகாது என்பதற்கு அன்னாரின் வாழ்வே சான்று. நம் பிள்ளைகளுக்குச் சட்டக் கல்வியையும் ஆய்வு நாட்டத்தையும் அளிப்பது நம் கடமையன்றோ! வல்ல அல்லாஹ் அன்னாரின் பணியை ஏற்று அருள்வானாக. ஆமீன்.