ஆர். டி. லாரன்ஸ்

ராபர்ட் டேனியல் லாரன்ஸ் (நவம்பர் 18, 1892 – ஆகஸ்டு 27, 1968) பிரித்தானிய மருத்துவர் ஆவார். நீரிழிவு மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரான இவர், ஆர். டி. லாரன்ஸ் எனப் பரவலாக அறியப்படுகிறார். இவரே நீரிழிவு நோயாளி. இறக்கும் தறுவாயில் இருந்தபோது 1923-ல் இன்சுலின் கிடைத்ததால் பிழைத்து, அதன்பின் 45 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்சுலின் உயிரைக் காக்கும். ஆனால் ஒவ்வொரு நாளையும் நடத்தும் அறிவு நோயாளியின் கையில் இருக்க வேண்டும் என்பது இவர் தம் நூல்களிலும் பணியிலும் வலியுறுத்திய அடிப்படைக் கருத்தாகும்.

இளமையும் கல்வியும்

லாரன்ஸ் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் பிறந்தார். தந்தை தூரிகைகள் தயாரிக்கும் தொழில் நடத்தியவர். லாரன்ஸ் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் முதலில் பிரெஞ்சு, ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனில் உறவினரின் துணி வணிகத்தில் சேர்ந்தார். அது பிடிக்காததால் சில வாரங்களிலேயே விலகி, அபர்தீனுக்குத் திரும்பி மருத்துவம் பயின்றார். 1916-ல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

முதலாம் உலகப்போரின்போது இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து, பெரும்பாலும் இந்திய எல்லைப்புறத்தில் பணியாற்றினார். 1919-ல் வயிற்றுக்கடுப்பு நோய் காரணமாக நாடு திரும்பினார். அதன்பின் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்து, காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவத்தில் பயிற்சி பெற்றார்.

நோய் கண்டறியப்படல்

1920-ல், அறுவைப் பயிற்சிக்காகச் சடலம் ஒன்றின் காதின் பின்புற எலும்பை உளியால் செதுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு எலும்புத் துண்டு இவரது கண்ணில் தெறித்தது. கண்ணில் கடுமையான தொற்று ஏற்பட்டது. மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபோது நீரிழிவு நோய் இருப்பது தெரியவந்தது. அப்போது இவருக்கு வயது 28. அக்கண்ணின் பார்வையும் பாதிக்கப்பட்டது. அறுவை மருத்துவர் ஆகும் எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது.

முதல் வகை நீரிழிவில், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்துவிடுகின்றன. இன்சுலின் இல்லாமல் உடல், குருதியில் உள்ள சர்க்கரையைப் பயன்படுத்த இயலாது. உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைக்கத் தொடங்கும். குருதியில் அமிலம் மிகுந்து உணர்விழப்பும் இறப்பும் நேரும். 1920-ல் இதற்கு மருந்து ஏதும் இல்லை. அமெரிக்க மருத்துவர் பிரெடெரிக் ஆலன் பரப்பிய பட்டினி உணவுமுறையே அன்றைய சிகிச்சை. அது சாவைச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ தள்ளிப்போட்டது. லாரன்சும் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டை மேற்கொண்டு, வேதியியல் ஆய்வகத்தில் பணிபுரிந்தார். அந்நிலையிலும் நீரிழிவு பற்றி ஆய்வு செய்து எம்.டி. பட்டம் பெற்றார்.

புளோரன்சும் திரும்புதலும்

தம் முடிவு நெருங்கிவிட்டதாக எண்ணிய லாரன்ஸ், குடும்பத்தாரின் கண் முன்னே இறக்க விரும்பாமல் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்று, அங்கு சிறு அளவில் மருத்துவத் தொழில் நடத்தினார். 1922–23 குளிர்காலத்தில் மூச்சுக்குழல் அழற்சி கண்டு இவரது உடல்நிலை மேலும் சீர்கெட்டது.

இதற்கிடையே கனடாவின் டொராண்டோ நகரில் பிரெடெரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் 1921-ல் இன்சுலினைப் பிரித்தெடுத்திருந்தனர். 1922 சனவரியில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலில் செலுத்தப்பட்டது. 1923 மே மாதம், கிங்ஸ் மருத்துவமனையின் உயிர்வேதியியலாளர் ஜி. ஏ. ஹாரிசன், இன்சுலின் கிடைத்துவிட்டதாகவும் உடனே திரும்பி வருமாறும் லாரன்சுக்குச் செய்தி அனுப்பினார். நரம்புத் தளர்ச்சியுற்ற நிலையிலும் லாரன்ஸ் தம் காரிலேயே ஐரோப்பாவைக் கடந்து இலண்டனை அடைந்தார். 1923 மே 31 அன்று முதல் இன்சுலின் ஊசி இவருக்குப் போடப்பட்டது.

அன்றாட வாழ்வும் உணவுக் கணக்கும்

இன்சுலின் நோயை நீக்குவதில்லை. குறைந்தால் சர்க்கரை ஏறும். மிகுந்தால் சர்க்கரை வீழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் உண்டாகும். அக்காலத்தில் நோயாளி கண்ணாடி ஊசிக்குழலை நாள்தோறும் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்ய வேண்டியிருந்தது. சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலுடன் சேர்த்துச் சூடாக்கிச் சோதிப்பர். கரைசல் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாற மாற அளவு மிகுதி. வீட்டில் கிடைத்த அளவுகோல் இதுவே.

இந்த நிலையில் வாழ்ந்த லாரன்ஸ், உணவை எளிதாகக் கணக்கிட ஒரு முறையை வகுத்தார். உணவுப் பொருட்களைக் கறுப்பு, சிவப்பு எனப் பங்குகளாகப் பிரித்தார். ஒரு கறுப்புப் பங்கில் 10 கிராம் மாவுச்சத்தும், ஒரு சிவப்புப் பங்கில் 7.5 கிராம் புரதமும் 9 கிராம் கொழுப்பும் இருக்கும். ஒரு பங்கிற்கு மாற்றாக அதே நிறத்தில் மற்றொரு பங்கைத் தேர்ந்தெடுக்கலாம். இதனால் ஒரே உணவையே நாள்தோறும் உண்ண வேண்டிய நிலை நீங்கியது. இன்றைய மாவுச்சத்துக் கணக்கிடும் முறையும் இதே கருத்தை அடிப்படையாகக் கொண்டது.

உடலுழைப்பு இன்சுலினின் செயல்திறனைக் கூட்டுகிறது என்பதை 1926-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். உழைக்கும் நாளில் இன்சுலினைக் குறைக்கவோ கூடுதலாக உண்ணவோ வேண்டும் என்னும் இன்றைய அறிவுரைக்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை.

நூல்களும் ஆய்வுகளும்

1925-ல் வெளிவந்த 'நீரிழிவு வாழ்க்கை' என்னும் பொருள்படும் இவரது ஆங்கில நூல், மருத்துவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. அது பல பதிப்புகளைக் கண்டது. 1929-ல் நோயாளிகளுக்கென இன்னும் எளிய கையேடு ஒன்றை வெளியிட்டார். கிங்ஸ் மருத்துவமனையில் இவர் வளர்த்த நீரிழிவுப் பிரிவு, நீரிழிவுள்ள பெண்களின் மகப்பேற்றுக் கவனிப்பிலும் பெயர் பெற்றது.

1951-ல் ஜோசப் போர்ன்ஸ்டைனுடன் இணைந்து குருதியில் உள்ள இன்சுலினை ஆராய்ந்தார். சில நோயாளிகளின் குருதியில் இன்சுலின் காணப்படுவதையும், வேறு சிலரிடம் காணப்படாததையும் அவ்வாய்வு காட்டியது. முதல் வகை, இரண்டாம் வகை என்னும் இன்றைய பாகுபாட்டிற்கு இது வலுச் சேர்த்தது.

நோயாளர் சங்கம்

1934-ல் லாரன்ஸ், தம்மிடம் சிகிச்சை பெற்றுவந்த எழுத்தாளர் எச். ஜி. வெல்சுடன் இணைந்து நீரிழிவு நோயாளர் சங்கத்தை நிறுவினார். பொருள் வசதி எவ்வாறிருப்பினும் நோயாளிகள் அனைவருக்கும் இன்சுலின் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நோயாளிகளும் மருத்துவர்களும் ஒன்றாக உறுப்பினராக இருந்தது இதன் சிறப்பு. 1935 முதல் சங்கம் இதழ் ஒன்றையும் வெளியிட்டது. இச்சங்கமே தற்போது 'டயாபடீஸ் யூகே' என்னும் பெயரில் இயங்குகிறது. 1950-ல் உருவான பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் முதல் தலைவராகவும் லாரன்ஸ் பொறுப்பேற்றார்.

தமிழகச் சூழலில்

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ல் மருத்துவர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இன்று மெல்லிய ஊசிகளும் விரல்நுனிக் குருதியைச் சோதிக்கும் சிறு கருவிகளும் வந்துவிட்டன. எனினும் லாரன்ஸ் எதிர்கொண்ட அன்றாடக் கணக்கு மாறவில்லை. திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களில் ஒன்றரை ஷிப்டு பார்க்கும் ஒருவர் இன்சுலின் போடுபவராயின், இரவு உணவு தள்ளிப்போகும் நாளில் இடையே உண்ண வேண்டியதையும், சட்டைப்பையில் சர்க்கரை வைத்திருக்க வேண்டியதையும் அறிந்திருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இன்சுலினை நீர் ஊற்றிய மண்பானையின் குளிர்ச்சியில் வைத்துக் காக்கும் வழக்கமும் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த 'இதயங்கள்' அறக்கட்டளை, முதல் வகை நீரிழிவுள்ள ஏழைச் சிறுவர்களுக்கு இன்சுலின் கிடைக்க உதவிவருகிறது.

மறைவு

லாரன்ஸ் 1928-ல் திருமணம் செய்துகொண்டார். இவருக்கு மூன்று மகன்கள். பணி ஓய்விற்குப் பின் பக்கவாதத்தால் தாக்கப்பட்டபோதும் நோயாளிகளைப் பார்ப்பதை இவர் நிறுத்தவில்லை. 1968 ஆகஸ்டு 27 அன்று தமது 75-வது வயதில் இலண்டனில் காலமானார். முப்பது வயதில் சாவை எதிர்நோக்கி இத்தாலிக்குச் சென்ற இவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்குப் பின்னரே வாழ்ந்தார்.