மண் சாலைக்குப் பரம்படித்த மிசௌரி விவசாயி

மூலக்குளம் வழியாக வில்லியனூர் போகும் சாலை தார்ச்சாலை. அதைத் தாண்டி வயல்பக்கம் இறங்கினால், ஐப்பசி மழைக்குப் பிறகு வண்டிப்பாதை என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மெய்ட்லாண்ட் என்ற சிற்றூரில் பயிர் செய்த டேவிட் வார்டு கிங்குக்கும் இதே தொல்லைதான்.

1857-இல் பிறந்தவர். சாலையைச் சமன்செய்ய, குதிரைகள் இழுக்கும் இரும்பு இயந்திரங்கள் அப்போதே வந்துவிட்டன. ஆனால் தனி விவசாயி வாங்கும் விலையில் இல்லை. கிங் 1896-இல் கையில் கிடைத்த மரங்களைச் சேர்த்துக் கட்டி, குதிரைகளைப் பூட்டி, தன் வீட்டு முன்பாதையில் இழுத்தார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இழுத்தார். அந்தத் துண்டுப் பாதை மட்டும் கெட்டுப்போகவில்லை.

கருவி எளிது. ஏழு முதல் ஒன்பது அடி நீளக் கட்டையை இரண்டாகப் பிளந்து, இரண்டரை அடி இடைவெளியில் இணைக்க வேண்டும். முன்கட்டையின் அடிவிளிம்பில் இரும்புப் பட்டை. மேலே ஒரு பலகை. ஓட்டுபவர் அதில் நின்று, எங்கே அதிகம் வெட்ட வேண்டுமோ அங்கே தன் எடையைச் சாய்ப்பார். சங்கிலியை ஒரு பக்கமாகத் தள்ளிக் கட்டுவதால் கட்டை சாய்வாகவே நகரும்.

பரம்படித்த கைக்கு இது புதிதல்ல. நம் பரம்பு நேராகப் போகும். இது சாய்ந்து போவதால் ஓரத்து மண் நடுவுக்கு ஏறும். போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது மறுபக்கம் என்று இழுத்தால், பாதை ஆமை முதுகுபோல் உயர்ந்து மழைநீர் இருபுறமும் வடியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. நாற்று நட வயலைச் சேறாக்கும்போது மண்ணின் துளைகள் அடைபட்டுத் தண்ணீர் கீழே இறங்குவது குறைகிறதல்லவா? ஈரமான களிமண்ணைக் கட்டை அழுத்தித் தேய்ப்பதும் அப்படித்தான். காய்ந்ததும் மேற்பரப்பு இறுகி, அடுத்த மழையைத் தள்ளிவிடும். வெறும் மணலில் இது பலிக்காது.

ரயில் நிறுவனங்கள் கிங்கை ஊர் ஊராக அழைத்துப் போய்ப் பேசவைத்தன. அமெரிக்க வேளாண் துறை 1908-இல் அவரையே எழுதவைத்து, விவசாயிகளுக்கான 321-ஆம் வெளியீடாக அச்சிட்டது. தன் கருவிக்குக் காப்புரிமையும் பெற்றார். 1920-இல் காலமானார்.

இன்று குதிரைக்குப் பதில் சிறிய டிராக்டர் போதும். மழை விட்டு, மண் சக்கரத்தில் ஒட்டாமல், ஆனால் ஈரம் மாறாமல் இருக்கும் வேளையில் மெதுவாக இழுங்கள். காய்ந்து கட்டிதட்டிய பிறகு இழுத்தால் புழுதிதான் கிளம்பும்.