கடலையே கேள்வி கேட்ட கெல்வின்

கெல்வின் என்ற யூனிட்டை ரெக்கார்டு நோட்டில் எத்தனையோ தடவை எழுதியிருப்போம். அந்த மனிதர் யார் என்று நானும் யோசித்ததில்லை, லேப்பில் ஒரு ஐ.சி.யை எரிக்கும் வரை!

புரோகிராமபிள் பல்ஸ் ஜெனரேட்டரை ஜி.பி.ஐ.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தோம். பீரியட் 10 மைக்ரோ செகண்ட். நான் பல்ஸ் விட்த் 12 மைக்ரோ செகண்ட் என்று அனுப்பிவிட்டேன். சி.ஆர்.ஓ.வில் பல்ஸ் சரியாகத் தெரியல. சிக்னல் வீக்காக இருக்குன்னு நினைச்சு வோல்டேஜை 10க்கு ஏத்தினேன். அந்தப் பக்கம் இருந்த 5 வோல்ட் ஐ.சி. போயே போச்சு!

சார் திட்டவில்லை. ஜெனரேட்டரிடம் கேட்டுப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். எர்ரர் கட்டளையைக் கேள்விக்குறியோடு அனுப்பினேன். மைனஸ் 221 என்று பதில் வந்தது. செட்டிங்குகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று அர்த்தம். விட்த் எவ்வளவு என்று கேட்டேன். பழைய 50 நானோ செகண்டிலேயே நின்றது. நான் அனுப்பியதை அது ஏற்கவே இல்லை! அப்போது சார் சொன்னதுதான் கெல்வின் கதை. மீதியை லைப்ரரியில் படித்தேன்.

வில்லியம் தாம்சன் 1824-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பிறந்தார். 10 வயதிலேயே கிளாஸ்கோ பல்கலைக்கழக வகுப்பு, 22 வயதில் அங்கேயே பேராசிரியர். மாணவர்கள் கையால் செய்து பழக ஒரு லேப்பும் அமைத்தார். நீளமான கேபிளில் பல்ஸ் விரிந்து மங்கும், நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கடியில் தந்தி கேபிள் கரை சேர்ந்தது. விக்டோரியா ராணியின் 98 வார்த்தைச் செய்தி போய்ச் சேரவே சுமார் 16 மணி நேரம்! கம்பெனியின் எலக்ட்ரீஷியன் வைட்ஹவுஸ், சிக்னல் வரலைன்னு சுமார் 2000 வோல்ட் கொடுத்தார். ஏற்கெனவே குறைகள் இருந்த கேபிள் சில வாரங்களில் செத்தது. படிக்கும்போது எனக்குச் சுருக்கென்றது. நான் செய்ததும் அதுதானே?

தாம்சன் வழி வேறு. சின்னக் கண்ணாடியின் முதுகில் காந்தத்தை ஒட்டி, பட்டு நூலில் தொங்கவிட்டார். மிக மெல்லிய கரண்ட் வந்தாலும் கண்ணாடி அசையும். விளக்கின் ஒளிப்புள்ளி ஸ்கேலில் நகரும். வோல்டேஜை ஏற்றாமல், காதைக் கூர்மையாக்கினார் எனலாம்.

1865-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் அவரும் போனார். கேபிளை இறக்க இறக்க டெஸ்ட் செய்தார்கள். கால்வனாமீட்டர் கோளாறு காட்டியதும் கேபிளை மேலே இழுத்துப் பார்த்தால், ஒரு கம்பித் துண்டு இன்சுலேஷனைக் குத்தியிருந்தது! அந்த ஆண்டு கேபிள் நடுக்கடலில் அறுந்தது. விடவில்லை. 1866-இல் புதுக் கேபிள் கரை சேர்ந்தது. அறுந்ததையும் கடலடியிலிருந்து எடுத்து இணைத்தார்கள். அதே ஆண்டு சர் பட்டம். 1892-இல் பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரில் பிரபு ஆனார். 1907-இல் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டனுக்கு அருகில் உறங்குகிறார்.

இப்போதெல்லாம் நான் செட்டிங் அனுப்பியதும் எர்ரர் கேட்கிறேன். ஒரு தடவை கேட்டால் ஒன்றுதான் வரும், பழசு முதலில். 0 வரும்வரை விடாமல் கேட்கிறேன். பதில் வரலைன்னா அடிக்காதீங்க நண்பர்களே, முதலில் கேளுங்க!

— இறுதியாண்டு மாணவன், ஈ.சி.ஈ.