நல்லையா கேட்ட உரிமை

மட்டக்களப்பு வாவிக்கரையின் அரசியலை எழுதச் சொன்னால், நான் வி. நல்லையாவிடமிருந்தே தொடங்குவேன். 1943 இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குப் போனவர் அவர். அடுத்த ஆண்டு, சிங்களத்தை அரசகரும மொழியாக்க ஜே. ஆர். ஜெயவர்தன கொண்டுவந்த பிரேரணையில் தமிழையும் சேர்க்கும் திருத்தத்தை முன்வைத்தார். சபை ஏற்றது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் அதை இல்லாமலாக்கியது.

1947இல் கல்குடா மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவரது முயற்சியில் எழுந்த வந்தாறுமூலை மத்திய கல்லூரி வளாகமே பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமானது. 1990 செப்டெம்பர் 5இல், அங்கே தஞ்சமடைந்திருந்த எம்மவரில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. எவரும் திரும்பவில்லை. உறவுகள் இன்னமும் பதில் கேட்கிறார்கள். தமிழருக்கு அரசு தமிழில் பதில் சொல்லவேண்டும் என்பதே நல்லையாவின் திருத்தத்தின் சாரம் என்று நான் நினைக்கிறேன்.