அண்ணல் அம்பேத்கரும் தொழிற்சங்க அங்கீகாரமும்

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் மகத் குளத்தையும், பூனா ஒப்பந்தத்தையும், அரசியலமைப்புச் சட்டத்தையும், நாகபுரியில் நிகழ்ந்த தீட்சையையும் எழுதுவர். அவை எழுதப்பட வேண்டியவையே. நம் கல்விச் சங்கத்தின் மேடைகளிலும் ஆண்டுதோறும் அவற்றையே கேட்டு மகிழ்ந்து வருகின்றோம். ஆயினும் 1942 முதல் 1946 வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், அன்னார் இந்திய அரசின் தொழிலாளர் துறையைத் தாங்கி நின்ற வரலாறு நம் இளைஞரிடையே போதிய அளவு பரவவில்லை. அவ்வரலாற்றிலும் ஒரு சிறு பகுதியையே இங்கு எடுத்துக்கொண்டோம். தொழிலாளர் சார்பில் முதலாளியோடு அமர்ந்து பேசும் தகுதி எந்தச் சங்கத்திற்கு உண்டு என்ற வினாவும், அதற்கு அண்ணல் தேடிய விடையுமே அப்பகுதி.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் படைமுகாமில் சுபேதார் ராம்ஜியின் மகனாகப் பிறந்தவர் அண்ணல். நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக் கழகத்திலும், இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் பயின்று, பாரிஸ்டர் பட்டமும் பெற்று 1923இல் நாடு திரும்பினார். இவை யாவரும் அறிந்தவை. அவர் குடியிருந்த இடம் எது என்பதைப் பலர் அறியார். பம்பாயில் பஞ்சாலைகள் நிறைந்த பரேல் பகுதியில், உழைப்பாளர் வாழும் அடுக்குக் குடியிருப்பு ஒன்றில், சிறிய அறைகளில் அவர் பல்லாண்டு வாழ்ந்தார். ஆலைச் சங்கு ஊதும்போது எழுந்து ஓடும் மக்களின் நடுவே வாழ்ந்தவர்க்குத் தொழிலாளர் பிரச்சினை நூலில் மட்டும் படித்த பொருளன்று.

அந்நாளில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் நம்மவர் நூற்புப் பிரிவில் வேலை பெறலாம். நெசவுப் பிரிவில் பெற இயலாது. கூலி மிகுதியாகக் கிடைப்பதோ நெசவுப் பிரிவில்தான். காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும். நாடாவின் துளை வழியே நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டவர் வாய் வைத்த நாடாவில் தாம் வாய் வைக்கலாகாது எனச் சாதி இந்துத் தொழிலாளர் மறுத்தனர். 1928இல் ஆலைத் தொழிலாளரின் பெரிய வேலைநிறுத்தம் மூண்டபோது அண்ணல் சங்கத் தலைவர்களிடம் இதனையே எடுத்துரைத்தார். எல்லாப் பிரிவுகளிலும் வேலை செய்யும் உரிமையைச் சங்கம் ஏற்காவிடில், தம் மக்களை வேலைநிறுத்தத்தினின்றும் விலகச் சொல்ல நேரும் என்றார். தலைவர்கள் அரை மனத்தோடு அக்கோரிக்கையைச் சேர்த்துக்கொண்டனர். முதலாளிகளோ அத்தடைக்குத் தாம் பொறுப்பல்லர் என்று கூறிவிட்டனர். அக்கூற்றில் உண்மையும் இருந்தது என்பதுதான் வேதனை. 1929இல் மீண்டும் வேலைநிறுத்தம் எழுந்தபோது அண்ணல் அதனை எதிர்த்து, நம்மவரை வேலைக்குத் திரும்புமாறு கூறினார். இதற்காக அவரைக் குறை கூறுவோர் இன்றும் உளர். ஒரு சங்கம் தன் உறுப்பினருள் ஒரு சாராரை வாசலுக்கு வெளியே நிறுத்திக்கொண்டு அனைவர் பெயராலும் பேசலாமா என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை என்பது நம் கருத்து.

நம் சென்னையிலும் இத்தகைய துயரம் நேர்ந்ததுண்டு. 1918இல் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளின் நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது வழக்குத் தொடுத்து உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. சங்கம் என்ற ஒன்றுக்கே சட்டத்தில் இடமில்லாதிருந்த காலம் அது. அதே ஆலைகளில் 1921இல் எழுந்த வேலைநிறுத்தத்தில் ஆதி திராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் சேரவில்லை. விளைவாகப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டு குடிசைகள் எரிந்தன. அவ்வரலாறு தனியே எழுதத் தக்கது, இங்கு விரிக்கவில்லை.

1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் ஒரு குறையைத் தீர்த்தது. ஏழு பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவு பெற்ற சங்கத்தின் பொறுப்பாளர்க்கு முன்போல் சதி வழக்கு முதலிய இடர்கள் இல்லை. ஆனால் இளைஞர்கள் இதனை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்: பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு என்பது அரசு ஏட்டில் சங்கத்தின் பெயர் ஏறுவது. அங்கீகாரம் என்பது, இச்சங்கமே என் தொழிலாளர்க்காகப் பேச உரியது என முதலாளி ஏற்பது. பதிவுச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டி வைத்திருந்தாலும், சங்கத்தின் கடிதத்திற்கு முதலாளி விடையே எழுதாது இருக்கலாம். அதனைக் குற்றம் என 1926ஆம் ஆண்டுச் சட்டம் கூறவில்லை.

பணியில் சேர்ந்த புதிதில் நாமும் இதனைப் பட்டறிந்தோம். நிலுவைச் சம்பளம் பற்றி முறையிட ஆசிரியர் நால்வர் ஓர் அலுவலகத்திற்குச் சென்றோம். நீவிர் யார் சார்பில் வந்தீர், உம் சங்கத்தில் சந்தா செலுத்தியோர் எத்தனை பேர் என்று அங்கிருந்த அலுவலர் வினவினார். விடையின்றித் திரும்பினோம். மறுமுறை சந்தா ரசீதுப் புத்தகங்களைக் கட்டாகத் தூக்கிச் சென்றபோதுதான் நாற்காலி கிடைத்தது.

அண்ணல் 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கி, 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் தோழர்களோடு நுழைந்தார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய ரயில்வே ஒடுக்கப்பட்டோர் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். ரயில்வேயில் நம்மவர்க்குத் தண்டவாளம் செப்பனிடும் கூலி வேலையே கிடைத்தது. சுமை தூக்கும் போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதரிது. போர்ட்டரை நிலைய அதிகாரி தம் வீட்டு வேலைக்கும் ஏவுவார். தீண்டத்தகாதவனை வீட்டினுள் விட மாட்டார். இதனை அண்ணல் அம்மாநாட்டில் விளக்கிக் காட்டினார். தனி அமைப்புக் கண்டு தொழிலாளர் ஒற்றுமையைப் பிளப்பதாகப் பழி எழுந்தபோது, தொழிலாளருக்குள்ளேயே நிலவும் ஏற்றத்தாழ்வைக் கண்டும் காணாதிருப்போர்தாம் ஒற்றுமையைக் குலைப்பவர் என வாதிட்டார்.

அவ்வாண்டு செப்டம்பரில் பம்பாய் அரசு தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. சமரச நடவடிக்கைகள் முடியுமுன் வேலைநிறுத்தம் செய்வது குற்றம் என்றது அம்மசோதா. சங்கங்களின் தகுதி பற்றி அதில் ஒரு நுட்பமான ஏற்பாடும் இருந்தது. முதலாளியின் அங்கீகாரம் பெற்ற சங்கமாயின் நூற்றுக்கு 5 தொழிலாளர் உறுப்பினராக இருந்தாற் போதும். முதலாளியின் அருளில்லாத சங்கமாயின் நூற்றுக்கு 25 பேர் வேண்டும். நம் பள்ளி மாணவனும் இக்கணக்கின் பொருளை உணர்வான். முதலாளிக்கு இசைவான சங்கம் எளிதில் தகுதி பெறும். எதிர்த்துப் பேசும் சங்கம் ஐந்து மடங்கு உழைக்க வேண்டும். பேசுதற்குரிய எதிராளியை முதலாளியே தேர்ந்துகொள்ளும் இம்முறை அடிமைச் சங்கங்களையே வளர்க்கும் என்று அண்ணல் சட்டமன்றத்தில் எடுத்துரைத்தார். 1938 நவம்பர் 7ஆம் நாள் பம்பாயில் ஒரு நாள் வேலைநிறுத்தம் நடைபெற்றது. பொதுவுடைமையாளரோடு பல செய்திகளில் மாறுபட்டவர் எனினும், அன்று அவர்களோடு ஒரே மேடையில் நின்றார். மசோதா சட்டமாகியே தீர்ந்தது.

இவ்வினா அண்ணலுக்குப் புதியதன்று என்பது நம் எண்ணம். 1919இல் சௌத்பரோ குழுவின் முன் சான்றளித்தபோதும், 1930 முதல் வட்டமேசை மாநாடுகளில் அமர்ந்தபோதும், ஒடுக்கப்பட்டோர்க்காகப் பேச உரியவர் யார், அவ்வுரிமையை அவர்க்குத் தந்தவர் யார் என்பதே வழக்கின் மையமாக இருந்தது. பிறர் நல்லெண்ணத்தால் நமக்காகப் பேசுவது ஒன்று. நம்மால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பேசுவது மற்றொன்று. ஆலைக்கூடத்திலும் அவர் கண்டது இதே வழக்குதான்.

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அண்ணல் பொறுப்பேற்றார். ஆகஸ்டு 7ஆம் நாள் டில்லியில் முத்தரப்பு மாநாடு அவர் தலைமையில் கூடியது. அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய மூவரையும் ஒரே மேசையில் அமர்த்தும் நிலையான அமைப்பு அதிலிருந்து பிறந்தது. முழுப் பேரவைக்கு 44 இடங்கள்: அரசுகளுக்கு 22, முதலாளிகளுக்கு 11, தொழிலாளர்க்கு 11. ஆலையில் ஆயிரம் பேர்க்கு ஒருவனாக இருக்கும் முதலாளியும், அவ்வாயிரம் பேரும் இம்மேசையில் சம எடை பெற்றனர். ஆனால் நாற்காலியில் அமர்பவர் யார்? தொழிலாளர் தரப்பில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசும், எம். என். ராய் சார்பினரின் இந்தியத் தொழிலாளர் சம்மேளனமும் போட்டியிட்டன. முதலாளிகள் தரப்பிலும் இரண்டு அமைப்புகள் இருந்தன. இந்திய வணிகர் கழகங்களின் கூட்டமைப்பைச் சார்ந்து எழுந்த அகில இந்தியத் தொழில் முதலாளிகள் அமைப்பு ஒன்று. இந்திய முதலாளிகள் சம்மேளனம் மற்றொன்று. இந்நான்கிற்கும் இடமளித்து, இவற்றில் சேராதோர்க்கும் சில இடம் ஒதுக்கப்பட்டது. சங்கம் தொழிலாளர்க்கு மட்டும் வேண்டுவதன்று. முதலாளியும் தனியே வந்து பேசினால் அவர் சொல் அவர் ஆலையை மட்டுமே கட்டும். அமைப்பாக வந்தால்தான் ஒரு தொழில் முழுவதற்கும் ஒப்பந்தம் காண இயலும்.

அடுத்து, 1943 நவம்பரில் அண்ணல் மத்தியச் சட்டசபையில் தொழிற்சங்கத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் அடிப்படைகள் மூன்று. தகுதியுடைய சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும். அங்கீகாரம் கோரும் சங்கமும் சில நிபந்தனைகளை நிறைவேற்றித் தன் தகுதியைக் காட்ட வேண்டும். அவ்வாறு காட்டிய பின்னும் முதலாளி மறுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம். 1929இல் அமைந்து 1931இல் அறிக்கை தந்த அரசத் தொழிலாளர் ஆணையம்கூட அங்கீகாரத்தை வலியுறுத்தியதேயன்றிச் சட்டத்தால் கட்டாயமாக்கத் துணியவில்லை. கட்டாயம் என்ற சொல் முதலாளிகளுக்குக் கசந்தது. மசோதா கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது. 1946 பிப்ரவரியில் திருத்திய மசோதாவை அண்ணல் மீண்டும் கொண்டுவந்தார். சில மாதங்களில் அந்த நிர்வாகக் குழுவே கலைந்தது.

அம்முயற்சி 1947ஆம் ஆண்டின் இறுதியில் சட்டமாயிற்று. அப்போது தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் பாபு ஜகஜீவன் ராம். அண்ணல் சட்ட அமைச்சர். அரசியலில் இருவரும் எதிரெதிர் முகாம்களில் நின்றவர்கள். ஒருவர் தொடங்கிய பணியை மற்றவர் முடித்தார் என்பது நம்மவர் அறிந்து பெருமை கொள்ளத்தக்கது.

அச்சட்டம் விதித்த நிபந்தனைகளைச் சற்று நிதானமாகக் காண்போம். சங்கத்தின் சாதாரண உறுப்பினர் அனைவரும் அதே தொழிலிலோ அதனோடு நெருங்கிய தொழிலிலோ பணிபுரிவோராதல் வேண்டும். அம்முதலாளியிடம் அத்தொழிலில் வேலை செய்யும் அனைவர்க்கும் அது பிரதிநிதியாதல் வேண்டும். அத்தொழிலாளருள் எந்த வகுப்பினரையும் உறுப்பினராகச் சேர்க்காது விலக்கும் விதி சங்கத்தில் இருத்தலாகாது. வேலைநிறுத்தம் அறிவிக்கும் முறை விதிகளில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒரு முறையேனும் நிர்வாகக் குழு கூட வேண்டும். சங்கம் பதிவு பெற்றதாதல் வேண்டும். இவை நிறைவேறியும் முதலாளி மறுப்பின், தொழிலாளர் நீதிமன்றம் அங்கீகாரம் வழங்க ஆணையிடலாம். மூன்றாவதாக நாம் குறித்த நிபந்தனையை மீண்டும் ஒரு முறை படிக்குமாறு இளைஞரை வேண்டுகிறோம். அங்கு வகுப்பு என்பது தொழிலாளர் பிரிவையே குறிக்கும். சாதி என்ற சொல் அதில் இல்லை. ஆயினும் நெசவுப் பிரிவின் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் நினைவு நமக்கு வராமற் போவதில்லை.

சட்டம் நிறைவேறியதே தவிர, நடைமுறைக்கு வரும் நாள் அறிவிக்கப்படவேயில்லை. ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. அண்ணல் 1951இல் இந்துச் சட்ட மசோதாவின் பொருட்டு அமைச்சரவையினின்றும் விலகினார். 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். அதுகாறும் அந்நாள் வரவில்லை.

பின்னர் 1958இல் முத்தரப்பினரும் ஒழுங்கு நெறி ஒன்றை உடன்பட்டு ஏற்றனர். ஓராண்டேனும் இயங்கி, நிறுவனத்தில் நூற்றுக்கு 15 பேரையேனும் உறுப்பினராகக் கொண்ட சங்கம் அங்கீகாரம் கோரலாம். பல சங்கங்கள் இருப்பின் பெரும் எண்ணிக்கை உடையதே உரியது. கடந்த ஆறு மாதத்தில் மூன்று மாதச் சந்தாவேனும் செலுத்தியவரே உறுப்பினர். நல்ல நெறிதான், மீறினால் தண்டனையில்லை என்பதே குறை. மராட்டிய மாநிலம் 1971இல் தனிச் சட்டம் இயற்றி, நூற்றுக்கு 30 என வரையறுத்தது.

2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. பல சங்கங்கள் உள்ள இடத்தில், வருகைப் பட்டியலில் உள்ளோருள் நூற்றுக்கு 51 பேரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுக்குரிய ஒரே சங்கம். அத்தகையது இல்லையேல், நூற்றுக்கு 20 பேரின் ஆதரவுடைய சங்கங்கள் சேர்ந்து பேச்சுக் குழுவாக அமையும். அண்ணல் 1943இல் வேண்டிய கட்டாயம் இவ்வாறு வேறு உருவில் வந்துள்ளது. ஆனால் கணக்கு வருகைப் பட்டியலைக் கொண்டு எடுக்கப்படுகிறது. நகரங்களில் தெருக்கூட்டியும் சாக்கடை தூர்த்தும் பிழைக்கும் நம்மவருள் மிகப் பலர் ஒப்பந்தக்காரரின் பட்டியலில் இருக்கின்றனர். சிலர் எந்தப் பட்டியலிலும் இல்லை.