பந்தியில் தொடங்கிய பாடம்

சென்ற ஞாயிறு மாலை பருத்திப்பட்டில் ஒரு படிப்பகத்தில் அமர்ந்திருந்தோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை பார்க்கும் தோழர் ஒருவர், படித்துக்கொண்டிருந்த நாளேட்டை மடித்து வைத்துவிட்டு நம் பக்கம் திரும்பினார். அவர் மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். நம் ஊர் ஏரித் தண்ணீர் கோடையில் எங்கே போகிறது என்று வகுப்பிலே கேட்டுவிட்டாளாம். வாயை மூடு என்று பதில் வந்ததாம். மறுநாள் முதல் அவளுக்குக் கடைசி வரிசை! இனிமேல் கேட்காதே என்று பிள்ளையிடம் சொல்லிவிடட்டுமா, அண்ணே, என்று நம்மிடம் கேட்டார் அந்தத் தோழர். கேட்கும்போது குரல் கம்மியது.

அவருக்கு நாம் அன்று சொன்னது ஒரு மனிதரின் வாழ்க்கை. அதையே இங்கும் எழுதுகிறோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூர் நெய்யாடுபாக்கம். 1912 அக்டோபரில் அங்கே பிறந்தவர் சுந்தரவடிவேலு. நெ.து.சு. என்ற மூன்றெழுத்தால் நாடறிந்தவர். காஞ்சியில் பள்ளிப் படிப்பு, சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டப் படிப்பு. படித்தார், பட்டம் பெற்றார், பதவிக்கு வந்தார் என்று பலரைப் பற்றிச் சொல்லலாம். இவரைப் பற்றி அப்படிச் சொல்லி முடித்துவிட முடியாது. ஈரோட்டுப் பெரியார் மூட்டிய சுயமரியாதைத் தீயிலே இளமையிலேயே குளிர் காய்ந்தவர் இவர். குத்தூசி குருசாமியின் துணைவியார் குஞ்சிதம் அம்மையாரின் தங்கை காந்தம்மாளைச் சாதி பாராமல், சடங்கு இல்லாமல் கைப்பிடித்தவர். அரசு அதிகாரி ஒருவர், அதுவும் வெள்ளையன் காலத்திலே, அப்படி நடப்பது விளையாட்டல்ல. வேலைக்கு உலை வைக்கக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர்!

கல்வித் துறையில் ஊர் ஊராய்ச் சென்று பள்ளிகளைப் பார்த்து வந்த அவர் கண்ணிலே பட்டது என்ன? கூரை இல்லாத கொட்டகை. கரும்பலகை என்ற பெயரில் வெளுத்துப்போன ஒரு பலகை. பதிவேட்டிலே பெயர் இருக்கும், பிள்ளை இருக்கமாட்டான். எங்கே போனான்? மாடு மேய்க்கப் போனான். ஏன்? மேய்த்தால் ஒரு வேளைக் கூழ் கிடைக்கும். பள்ளிக்கு வந்தால் அதுவும் இல்லை!

இந்த நிலையிலேதான் 1953 வந்தது. முதலமைச்சர் நாற்காலியிலே ஆச்சாரியார். சிற்றூர்த் தொடக்கப் பள்ளியிலே நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு போதும், மிச்சப் பொழுதில் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றொரு திட்டம் கொண்டுவந்தார். வண்ணான் மகன் வெளுக்க வேண்டும், குயவன் மகன் மண் பிசைய வேண்டும். அவன் வேறு எதையும் எண்ணிப் பார்க்கவே கூடாது! குலக்கல்வி என்று அதற்குப் பெரியார் பெயர் சூட்டினார். கழகம் அவ்வாண்டு ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்திலே ஒரு முனை அந்தத் திட்டத்தை எதிர்த்துத்தான். தடியடி பட்ட தோழர்களின் பேரன்மார் இன்றும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் நம் கூட்டங்களுக்கு வருகிறார்கள். ஏழு வயதிலேயே விடை எழுதி வைக்கப்பட்ட பிள்ளைக்குக் கேள்வி எங்கிருந்து வரும்? அந்தத் திட்டத்தின் நஞ்சு அதுதான்.

1954இல் ஆச்சாரியார் இறங்கினார், காமராசர் வந்தார், குலக்கல்வி குழிக்குப் போனது. அதே ஆண்டு பொதுக்கல்வி இயக்குநர் நாற்காலியிலே நெ.து.சு. அமர்ந்தார். காமராசருடைய கட்சியோடு நமக்கு ஆயிரம் வழக்கு உண்டு. 1967இல் மக்கள் மன்றத்திலே அந்த வழக்கை வென்றும் காட்டினோம். ஆனாலும் இந்த மனிதரை அந்த நாற்காலியில் அமர்த்தியதற்காக அவரைப் பாராட்டாமலிருக்க நமக்கு மனம் வராது.

அடுத்துப் பிறந்ததுதான் பகல் உணவு. 1920லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக் காட்டியவர் நம் வெள்ளுடை வேந்தர் தியாகராயர். அதை நாடெங்கும் கொண்டுபோக வேண்டுமே, பணம் எங்கே? 1956-57 வரவு செலவுத் திட்டத்திலே 8,000 பள்ளிகள், 65,000 குழந்தைகள் என்று கணக்குப் போட்டார்கள். வகுத்துப் பாருங்கள், தோழர்களே! பள்ளிக்கு எட்டுப் பிள்ளைகள்! ஒன்பதாவது பிள்ளையின் முகத்தை எந்த ஆசிரியர் பார்ப்பார்? அந்த இடத்திலேதான் நெ.து.சு. ஊராரிடம் போனார். அறுவடைக் களத்திலே ஒரு மரக்கால் நெல், அடுப்படியிலே ஒரு பிடி அரிசி, தோட்டத்திலே ஒரு கூறு காய். 1956 ஜூலையில் எட்டயபுரத்திலே தொடங்கிய அந்தப் பந்தி ஊர்தோறும் விரிந்தது. அரசு தன் பங்கைப் பிறகுதான் உறுதி செய்தது. முதலில் உலை வைத்தவர்கள் ஊர் மக்கள்!

பந்தி என்றோமே, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேலத் தெருப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே வரிசையில், ஒரே அண்டாச் சோற்றை, தோளோடு தோள் உரசி உண்டார்கள். முணுமுணுத்த ஊர்கள் இல்லாமலில்லை. தன் பிள்ளையைத் தனியே உட்காரவைக்கச் சொன்ன பெரிய மனிதர்களும் இருந்தார்கள். ஆனால் பசித்த வயிறு பக்கத்து இலை யாருடையது என்று பார்க்கவில்லை. எந்தப் பாடநூலிலும் அச்சாகாத முதற் பாடம் அது. பக்கத்திலே உட்காராதே என்று பாட்டி சொன்னாளே, உட்கார்ந்தோமே, ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு சிறுவன் எண்ணினான் பாருங்கள், பகுத்தறிவு அங்கே முளைவிட்டது. ஒப்பிட்டுப் பார்த்தான், ஐயுற்றான், தானே ஒரு முடிவுக்கு வந்தான்.

சோற்றுக்கு அடுத்தது பள்ளிக்கூடம். 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்றொரு புது வழக்கத்தைத் தொடங்கினார். தொடங்கிய இடம் எது தெரியுமா? ஆவடியில் மேற்கே போகும் ரயிலில் ஏறுங்கள். திருவள்ளூர் தாண்டிக் கடம்பத்தூர். நம் பக்கத்து ஊர்தான்! பள்ளிக்கு என்னென்ன குறை என்று ஆசிரியரும் ஊராரும் கூடிப் பட்டியல் போட்டார்கள். பெஞ்சு கொடுத்தவர், மணி கொடுத்தவர், சீருடை தைத்துத் தந்தவர், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர் என்று அவரவரால் இயன்றதைத் தந்தார்கள். சீருடை வந்ததும் கந்தலும் பட்டும் ஒன்றாயின.

பிறகு வந்த விருதையும் பதவியையும் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1961இல் பத்மஸ்ரீ, 1969இல், கழக ஆட்சியிலே, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நினைவு அலைகள் என்று தம் வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்தார். 1993இல் மறைந்தார். அவர் மூட்டிய அடுப்பு அணையவில்லை. 1982இல் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. அதே 2022இல் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றிருக்கும் நிலை பார்த்து, பாட்டும் விளையாட்டுமாய்ப் பயிற்றும் முறை அது. பின்தங்கிய பிள்ளையை மக்கு என்று மூலையில் தள்ளாத முறை. ஆனால் திட்டம் தாளிலே இருக்கிறது. வகுப்பறையிலே இருப்பவர் ஆசிரியர். நாற்பது பிள்ளைகளை ஒருவராய் மேய்ப்பவரின் பாடும் நமக்குத் தெரியும். அதற்காக, கேட்ட பிள்ளையைக் கடைசி வரிசைக்கு அனுப்புவதா?

கதையைக் கேட்டு முடித்த தோழர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போடுவதாகச் சொன்னார். சண்டைக்கு அல்ல, பேசுவதற்கு என்றார். படிப்பகத் தோழர்கள் இருவர் உடன் போகிறார்கள். அந்தப் பள்ளிக்கு என்ன குறை என்று கேட்டு எழுதி வரும்படி அவர்களிடம் ஒரு நோட்டும் கொடுத்திருக்கிறோம்.